காற்றை எங்கே விட்டீர்கள்?

அருள்புரம்,
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

விஜயராணி எழுதுகிறேன். நானும் ஆஷாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறோம். அந்தக் குண்டூர் வெயிலில் நீங்களும் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? புது மில் குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போனில் பேசினால் எதைச் சொன்னாலும் "ஆங், சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். இருபத்திநாலு வருஷம் மில் சத்தத்தில் கிடந்த காது, அதைக் கோபித்து என்ன பயன். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் ஆஷாவின் படிப்புக்குப் போய்விட்டது, உங்கள் போனோ குவார்ட்டர்ஸ் முழுக்கக் கை மாறுகிறது. ஆகவே நமக்குத் தபால்தான்.

நீங்கள் எங்கள் பல் ஆஸ்பத்திரியில் மாட்டிக் கொடுத்த சென்ட்ரல் வேக்கம் ஒரு மாதமாக நன்றாக ஓடுகிறது. சுவரில் இருக்கும் வாயில் ஹோஸைச் சொருகினால் போதும், அறையிலுள்ள தூசியெல்லாம் குழாய் வழியாகப் பின்னால் உள்ள தொட்டிக்குப் போய்விடுகிறது. பழைய மிஷின் முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும். பக்கத்து பனியன் கம்பெனியின் பஞ்சு வேறு பறந்து வந்து நாற்காலியெல்லாம் படிந்து கிடக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வருகிற பேஷண்டுகளிடமெல்லாம் டாக்டர் சுரேந்தர் சுவரைத் தட்டிக் காட்டுகிறார். "இதுல இழுத்த காத்து மறுபடி ரூமுக்குள்ள வராதுங்க, நேரா வெளிய போயிருமுங்க" என்று அவருக்கு ஒரே பெருமை.

மிஷின் விற்ற கம்பெனி ஆட்கள் வந்து மாட்ட மூன்று மாதம் ஆகும் என்றபோது உங்களைச் சொன்னவள் நான் அல்லவா? அந்த மரியாதையில் என்னை ஸ்டெரிலைஸ் அறைக்கு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார். கருவிகளைக் கழுவி, ஆவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து, உலர்த்தி, உறையில் போட்டுத் தருவது முழுவதும் என் பொறுப்பு. பழைய அறை சின்னது என்று எல்லாவற்றையும் பின் அறைக்கு மாற்றிவிட்டோம். ஆஷாவின் அப்பா இறந்த பிறகு, நம்மையும் ஒருவர் நம்பி ஒரு பொறுப்பைத் தருகிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணே.

உதவிக்கு கிருத்திகா என்று பெருமாநல்லூர்ப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயது. வார்த்தைக்கு வார்த்தை "அக்கா, சரிங்கக்கா". இவ்வளவு பணிவு எதற்கு என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள்.

மதினிக்கு என் முத்தம். ஆஷா மாமாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உங்கள் தங்கை,
விஜயராணி


குண்டூர்,
24.3.2025

அன்பான தங்கச்சி விஜயாவுக்கு,

அண்ணன் ஆரோக்கியராஜ். உன் கடிதத்தை உன் மதினி இரண்டு தடவை வாசித்தாள், நான் மூன்று தடவை. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரே மிளகாய் மண்டி, தும்மலில்தான் பொழுது விடிகிறது.

நீ இன்சார்ஜ் ஆனது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. போனில் எழுத்தைத் தட்ட என் விரல் வளையாது, அது ஸ்பேனருக்குப் பழகிய விரல். பேப்பரிலும் தடுமாறுகிறேன். சின்ன வயதில் யார் மிட்டாயை யார் எடுத்தார்கள் என்று ஊரையே விசாரிப்பாய். இப்போது ஒரு அறையையே விசாரிக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பாவம் விட்டுவை.

ஒன்று கேட்க வேண்டும். பின் அறை என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பின் அறை? வாஷ்பேசின் இருக்கிறதே, அதுவா? இல்லை, படிக்கட்டை ஒட்டிப் பழைய நாற்காலியும் பேனரும் போட்டிருந்த அறையா? சும்மாதான் கேட்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


அருள்புரம்,
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். மதினியின் தும்மல் நின்றதா? இங்கே ஆஷாவுக்குப் பரீட்சை முடிந்தது, நான் மட்டும் தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டது படிக்கட்டை ஒட்டிய அறைதான். நாற்காலிகளை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, பார்க்கவே கோயில் மாதிரி ஆக்கிவிட்டார் டாக்டர்.

அந்தக் கோயிலுக்குள் யாரோ விளையாடுகிறார்கள் அண்ணே. இரண்டு வாரமாகக் கருவிகளை உலர வைக்கும் தட்டுகளின் மேல் சாம்பல் நிறத்தில் பொடி படிகிறது. மைதா மாவைவிட நைஸ். பஞ்சு என்றால் எனக்குத் தெரியாதா, இது பஞ்சு இல்லை. காலையில் துடைக்கிறேன், மத்தியானம் மறுபடி இருக்கிறது. டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னங்க விஜயாக்கா, உங்க கைல குடுத்தா சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தலை கவிழ்ந்துவிட்டது.

எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்ல வேண்டுமா? நான் போனால் அந்த இடம் யாருக்குக் கிடைக்கும்? நான் சாப்பிடப் போகும் நேரத்தில் அறையில் இருப்பது யார்? போன வாரம் ஒரு சாயங்காலம் பூட்டும்போது கைப்பிடியில் ஒரு தையல் நூலைச் சுற்றிவிட்டுப் போனேன். காலையில் நூல் அப்படியே இருந்தது. ஆனால் சுத்தம் செய்து முடித்த பத்து மணிக்குப் பார்த்தால் பொடி வந்துவிட்டது. அப்போது உள்ளே இருந்தது நானும் அவளும்தான்.

நேராகவே கேட்டேன். கண் கலங்க, "நானு அந்தப் பக்கம் போகவே இல்லீங்கக்கா. வேக்கம் மிஷின் ஓடறப்பத்தானுங்க அது விழுகுது, நீங்களே நின்னு பாருங்க" என்றாள். அவள் சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா? மிஷின் மேல் பழியைப் போடுகிறாள். மிஷின் மேல் என்றால் உங்கள் மேல். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன்.

இந்த வேலை போனால் ஆஷாவின் பிளஸ் டூ என்ன ஆகும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
விஜயராணி


குண்டூர்,
11.5.2025

அன்பான தங்கச்சிக்கு,

பதில் தாமதம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரியும். இங்கே மில்லில் இரண்டு மெஷின் பிரித்துப் போட்டிருந்தது. வெயில் நூற்றுப் பதினொன்று டிகிரி. உன் மதினி மாங்காய் ஊறுகாய் போட்டாள், உனக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள். ஆஷா எப்படி இருக்கிறாள்? அந்த அறைக்குள் ஆஷா வருவதுண்டா? வரவேண்டாம், ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளுக்கு என்ன வேலை.

தட்டுகளைப் படிக்கட்டுச் சுவர்ப் பக்கம் மேல் தட்டில் வைக்காதே. ஜன்னல் பக்கம் கீழே வை. எல்லாவற்றையும் துணி போட்டு மூடி வை. முடிந்தால் அந்த அறையே வேண்டாம், பழைய அறைக்கே போய்விடலாம் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்.

அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதே. பொடி விழ ஆள் எதற்கு?

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


அருள்புரம்,
18.5.2025

அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். ஊறுகாய் அனுப்ப வேண்டாம், தபாலில் உடைந்துவிடும்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஐந்து வாரம் கழித்துப் பத்து வரி. அதில் ஒரு வரியை நான் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்று எழுத ஆசை, ஆனால் கடிதம் வந்து ஒரு நாள்தான் ஆகிறது. பொய் எழுதக்கூடாது அல்லவா.

பொடி தட்டுகளில் விழுகிறது என்று மட்டும்தான் நான் எழுதினேன். தட்டுகளை எங்கே வைக்கிறேன் என்று எழுதவில்லை. நீங்கள் போகும்போது அந்த அறையில் அலமாரியே கிடையாது. படிக்கட்டுச் சுவர்ப் பக்கம் மேல் தட்டு என்று குண்டூரில் இருக்கிற உங்களுக்கு யார் சொன்னார்கள்? பொடி அங்கேதான் விழுகிறது. அங்கே மட்டும்தான் விழுகிறது.

இங்கே நிலைமை மோசம். பல் பிடுங்கிக்கொண்டு போன மூன்று பேர் புண் ஆறாமல், கன்னம் வீங்கித் திரும்பி வந்திருக்கிறார்கள். பொடியால்தானா என்று டாக்டருக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயந்துவிட்டார். இந்த வாரத்துக்குள் யாரால் இது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டெரிலைஸ் அறைக்கு வேறு ஆளைப் போடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எல்லோர் கண்ணும் என் மேல்தான் இருந்தது.

உங்களுக்கு ஏதாவது தெரியும் என்றால் ஒரு வரி போதும். பக்கத்து வீட்டுக்காரர் போனுக்காவது மதினியைப் பேசச் சொல்லுங்கள்.

விஜயராணி


அருள்புரம்,
3.6.2025

அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் இல்லை, போனும் இல்லை.

போன மாதம் இருபத்திநாலாம் தேதி, சனிக்கிழமை, டாக்டர் கிருத்திகாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. "உங்களுக்கு யாரு மேல டவுட்டுங்க?" என்று கேட்டார், நான் பதில் சொல்லாமல் இருந்தேன். மற்றதை அவரே முடிவு செய்துகொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து பொடி இல்லை. ஒரு துளி இல்லை. "பாத்தீங்களா, அந்தப் புள்ள போனதும் நின்னுருச்சு" என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்கிறார். என் பொறுப்பு என்னிடமே இருக்கிறது.

ஆகவே விஷயம் முடிந்தது. இதைப் பற்றி இனி நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம்.

ஆஷா நன்றாக இருக்கிறாள்.

விஜயராணி


குண்டூர்,
11.6.2025

விஜயாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு நடுவில் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் இல்லாத நாளிலும் எழுதவில்லை என்பதை உன் மதினி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்.

பொடி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அது நிற்காது விஜயா. அந்த மிஷின் ஓடுகிறவரை நிற்க வழியே இல்லை. ஒரு பெண் போனதால் நிற்கிற விஷயம் இல்லை அது.

நீ மேலே ஏறிப் பார்த்தாயா? எதையாவது கட்டினாயா? கட்டியிருந்தால் வாரம் ஒரு தடவை அவிழ்த்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே போய் உதறு. துணி அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறித் தீப்பிடிக்கும். இதை மட்டும் அலட்சியம் செய்யாதே.

உனக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும்?

ஆரோக்கியராஜ்


அருள்புரம்,
17.6.2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

நான் எங்கும் ஏறவில்லை, எதையும் கட்டவில்லை. என்னைக் கேள்வி கேட்பதற்கு முன் என் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நிற்க வழியில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இழுத்த காற்று வெளியே போக வேண்டும் என்று டாக்டர் சுவரைத் தட்டித் தட்டிச் சொல்கிறார். நீங்கள்தானே குழாய் போட்டீர்கள். காற்றை எங்கே விட்டீர்கள், அண்ணே?

விஜயராணி


குண்டூர்,
28.6.2025

என் தங்கச்சி விஜயாவுக்கு,

நீயும் ஆஷாவும் நன்றாக இருக்க வேண்டும். அதற்குமேல் கேட்க எனக்கு முகம் இல்லை.

காற்றை அந்த அறைக்குள்தான் விட்டேன்.

மில்லில் நாங்கள் காற்றை வெளியே விடுவதே இல்லை. பஞ்சுக்கு ஈரம் வேண்டும். ஈரமாக்கி வைத்த காற்றை வெளியே விட்டால் நூல் அறுந்து அறுந்து விழும். அதனால் மெஷின் பக்கம் உறிஞ்சுகிற காற்றை வடிகட்டி, மறுபடி ஹாலுக்குள்ளேயே திருப்பி விடுவோம். இருபத்திநாலு வருஷமாக நான் போட்ட எல்லாக் குழாயும் அப்படித்தான் திரும்பி வரும். காற்றை வீணாக்குகிற ஃபிட்டரை மேஸ்திரி திட்டுவார்.

உங்கள் ஆஸ்பத்திரியில் கம்பெனி கொடுத்த படத்தில் அம்புக்குறி வெளிச்சுவருக்குப் போட்டிருந்தது. பார்த்தேன். ஏசியில் குளிர்ந்த நல்ல காற்றை வெயிலில் கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறானே, இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வெளிச்சுவரில் கான்கிரீட் பீம் வேறு குறுக்கே நின்றது. தொட்டியில் வடிகட்டி இருக்கிறதே, போதும் என்று முடிவு செய்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே படிக்கட்டுச் சுவரோரம் குழாயை முடித்துவிட்டேன். டாக்டருக்கு நல்லது செய்ததாகவே நம்பினேன் விஜயா. பஞ்சுக்குப் போதுமான வடிகட்டி, பல்லை ராவுகிற பொடிக்கும் மனிதர் வாயிலிருந்து வருகிறதற்கும் போதாது என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது அது உடைந்த நாற்காலி கிடந்த அறை.

நீ அறையை மாற்றியதாக எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எந்தப் பின் அறை என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். படிக்கட்டை ஒட்டிய அறைதான் என்று அடுத்த கடிதத்தில் வந்தபோது உண்மையை எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஆஸ்பத்திரி வேலை நிறையச் செய்திருக்கிறேன் என்று டாக்டரிடம் பொய் சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினேன். அது உனக்குத் தெரியாது. நீ என்னைச் சொன்னாய், நான் உன் பெயரை வைத்துப் பொய் சொன்னேன். உண்மை வெளியே வந்தால் முதலில் போவது உன் வேலை என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல ஃபிட்டர் என்ற பெயர் போய்விடுமே என்ற பயமும் அதில் பாதி இருந்தது.

அந்தப் பெண் போன செய்தியைப் படித்துவிட்டு உன் மதினி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "மிஷின் ஓடும்போதுதான் விழுகிறது என்று அந்தப் பிள்ளை ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறாள், உமக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும்.

டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். எல்லாம் எழுதியிருக்கிறேன், உனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்து. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். கூப்பிட்டால் அடுத்த ரயிலில் வந்து சுவரை உடைத்துக் குழாயை வெளியே விடுகிறேன்.

என்னை மன்னிப்பாயா?

அண்ணன்,
ஆரோக்கியராஜ்


அருள்புரம்,
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். ஆஷா நன்றாகப் படிக்கிறாள். இது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதுவது. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

டாக்டருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை ஏழாம் தேதி அவரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் நின்றுகொண்டே வாசித்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இது வேற ஆருக்காச்சும் தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த வாரமே கம்பெனி ஆட்கள் வந்து பீமைத் துளைத்துக் குழாயை வெளியே விட்டுவிட்டார்கள். நீங்கள் வர வேண்டியதில்லை. வீங்கி வந்த மூன்று பேருக்கும் ஆறிவிட்டது. பொடிதான் காரணமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

"பேஷண்டு காதுக்குப் போனா ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க விஜயாக்கா. உங்கண்ணன் மேல எனக்குக் கோவமில்லீங்க. நீங்களே இன்சார்ஜா இருங்க" என்றார். கிருத்திகா என்று ஆரம்பித்தேன். "அந்தப் புள்ள வேற வேலைக்குப் போயிருச்சுல்லங்க. இப்பக் கூப்புட்டா ஏனுன்னு கேக்குமுல்ல?" என்றார்.

அத்தோடு முடித்துக்கொண்டிருக்கலாம் அண்ணே. என் வேலைக்கு ஆபத்து இல்லை, உங்கள் பெயருக்கும் இல்லை. ஒரு வாரம் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தேன். இன்று பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் பெருமாநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்கு முன் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டீர்கள், நான் பொய் எழுதினேன். மே இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போனபோது மிஷினை ஓடவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங் பலகையைத் தூக்கினேன். காற்று முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் பொடி. குழாயின் கடைசி ஜாயிண்டில், வேலை முடிந்தால் நீங்கள் மார்க்கரால் போடுகிற சின்னச் சிலுவை இருந்தது. வேறு யார் கையாக இருக்க முடியும்? பலகையை மூடிவிட்டு, கீழே இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அன்று செவ்வாய். கிருத்திகாவை நிறுத்தியது சனி. நடுவில் நான்கு நாள். உங்கள் பதில் வரட்டும் என்று காத்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களைப் போலவே. டாக்டர் யார் மேல் டவுட் என்று கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? பேசவில்லை, உண்மை. ஆனால் அவள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதை எழுதவில்லை.

மறுநாள் ஞாயிறு, சுத்தம் செய்யப் போகிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பனியன் கம்பெனிக் குப்பையில் துண்டுத் துணி எடுத்திருந்தேன், உங்களுக்குத்தான் தெரியுமே, தைக்காமலே பை மாதிரி உருளையாக இருக்குமே, அது. மூன்று மடங்காக்கி, ஒரு முனையை முடிந்து, குழாய் வாயில் கட்டினேன். திங்கட்கிழமை பொடி நின்றது. இனி பேஷண்டுகளுக்கு ஆபத்து இல்லை என்பது மட்டும்தான் என் நினைப்பு. டாக்டர் வந்து, பார்த்தீர்களா, அவள் போனதும் நின்றுவிட்டது என்றபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவளுக்கு எதிராக இல்லாத சாட்சியை நானே கட்டித் தொங்கவிட்டுவிட்டேன்.

கிருத்திகா இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்றே துணியில் குறை பார்க்கிற வேலை. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் "வாங்கக்கா, உக்காருங்க" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெராக்ஸை நீட்டினேன். நிதானமாக வாசித்தாள். வாசித்து முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்த் தேதியைப் பார்த்தாள்.

"இதுல உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்கண்ணன் எழுதியிருக்காருங்க. நெசமாங்கக்கா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜூலை என்று சொல்லியிருக்கலாம். கடிதமே சாட்சி. மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மே இருபது என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன், இரண்டும் இல்லை. உள்ளே போய் ஒரு பேனா கொண்டுவந்தாள். "இப்பச் சொன்னத இதுக்குக் கீழயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சிலுவையைப் பார்த்தது, துணி கட்டியது, எல்லாம் எழுதினேன்.

"எனக்கு அந்த வேலை வேண்டாமுங்க. நானு அழுக்குப் பண்ணலைன்னு டாக்டரு வாயால சொல்லோணும். அன்னைக்கு நின்னாங்கல்ல, அத்தன பேரு முன்னாலயும் சொல்லோணும். நாளைக்குப் பத்து மணிக்கு இதைய எடுத்துட்டு வாரேன். நீங்க பக்கத்துல நிக்கோணும்" என்றாள்.

நாளைக்குப் பிறகு அந்த அறை எனக்கு இருக்காது, அண்ணே. ஆஷாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, மறைத்து எழுத ஒன்றுமில்லை. உங்களை மன்னிப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் குழாயைத் தெரியாமல் மாட்டினீர்கள், தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டீர்கள். நான் தெரிந்த பிறகுதான் எல்லாமே செய்தேன். உங்களை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை.

கிளம்பும்போது கிருத்திகா வாசல்வரை வந்தாள். பஸ் எப்போது என்று சொல்வாள் என நினைத்தேன். "நாளைக்கு வருவீங்களாக்கா, இல்ல லீவு போட்டுருவீங்களா?" என்று கேட்டாள்.

கட்டாயம் வருவேன் என்றேன். அவள் என்னை நம்பவில்லை.

உங்கள் தங்கை,
விஜயராணி